ரைட்டரம்மாவின் களப்பணி

மகளிர் காவல் நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் எஸ்.ஐ. கலைவாணி போன மாதம் எனக்குப் போன் செய்தார்.

"அம்மா, இப்ப எல்லாத்தையும் செல்லுல வீடியோ எடுக்கச் சொல்றாங்க. அதனால புதுப் பிள்ளைகளுக்கு எழுதவே வர மாட்டேங்குது. ஒரு புகார் எழுதுறதுக்குள்ள கட்டுக் கட்டாப் பேப்பரைக் கிழிக்குதுங்க. நீங்க வந்து ஒரு கிளாஸ் எடுத்தா நல்லா இருக்கும். புதன்கிழமை வசதிப்படுமா?"

"புதன்கிழமை எனக்கு இன்டர்னல் பரீட்சை இருக்கும்மா" என்றேன்.

"யாருக்கும்மா, பேத்திக்கா?"

எனக்குத்தான், எம்.ஏ. சமூகவியல், இரண்டாம் ஆண்டு என்று விளக்கினேன். கலைவாணி சிரிப்பை அடக்கிக்கொண்டது போனிலேயே தெரிந்தது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஓய்வு பெற்ற எஸ்.எஸ்.ஐ. ஒருத்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறாள் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். என் வீட்டுக்காரருக்கே இன்னும் அடங்கவில்லை. வகுப்பு எடுக்க முடியாததற்கு ஈடாக இதை எழுதித் தருகிறேன். கலைவாணி பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம். பாதி அவர்களுக்கு இப்போது உதவும், மீதி ரிட்டயர் ஆன பிறகு உதவும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடினோம், லத்தி சுழற்றினோம், சல்யூட் அடித்தோம், வீட்டு நினைப்பில் அழுதோம். முடிந்து வந்ததும் என் கையெழுத்தைப் பார்த்த பெரிய அதிகாரி ஒருவர், "இந்தப் பொண்ணை ரைட்டராப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவள்தான். பதவி உயர்வு வந்தது, தோளில் பட்டை மாறியது. ஆனால் திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் கடைசி வரைக்கும் நான் ரைட்டரம்மாதான். சரோஜா என்று பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது.

ரைட்டர் வேலை என்றால் வெளியே இருப்பவர்கள் நினைப்பதுபோல் காகிதம் அடுக்கும் வேலை இல்லை. எழுதத் தெரியாத ஒரு பெண் அழுதுகொண்டே வருவாள். அவள் வாயால் சொல்வதை எழுத்தில் கொண்டுவந்து, அவளுக்கே படித்துக் காட்டி, கையெழுத்தோ ரேகையோ வாங்க வேண்டும். அது கோர்ட்டில் போய் நிற்க வேண்டும். முதலில் பெயர், வயது, கணவர் பெயர், விலாசம். பிறகு யார், எங்கே, எப்போது, என்ன செய்தார்கள். 'எனக்குத் தோணுது' என்பது கூடாது. அழுகை கூடாது, ஊர்க்கதை கூடாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து. 'படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது' என்று முடிவு. வசவை மட்டும் வைதபடியே, ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் எழுத வேண்டும். யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. அவள் பேசியது எல்லாம் எங்கள் தமிழுக்கு மாறிவிடும். அவளைத் திட்டியவன் பேசியது மட்டும் அப்படியே நிற்கும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் இன்ஸ்பெக்டர் மரகதம் அம்மா. உயரமானவர், அதிர்ந்து பேசமாட்டார். ஸ்டேஷனில் மற்றவர்கள் கத்தினால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்காருவார். அதிலேயே கத்தியவருக்கு முகம் சுருங்கிவிடும். புகார் கொடுக்க வந்த பெண்ணை எதிரே உட்காரவைக்க மாட்டார், பக்கத்தில் உட்காரவைப்பார். "எதுத்தாப்புல உக்காந்தா விசாரணை. பக்கத்துல உக்காந்தா பேச்சு" என்பார். பேச்சு அவர் வேலை, அதை எழுத்தாக்குவது என் வேலை.

ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன். சிறுமலையிலிருந்து ஒரு தகப்பனார் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கீழே சமவெளிக் கிராமம் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தது. படியில் வழுக்கி விழுந்தாள் என்று புருஷன் வீட்டார் சொன்னார்கள். அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. தகப்பனார் கெஞ்சினார், திட்டினார். மரகதம் அம்மா அவரை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து பாதியை அந்தப் பெண்ணிடம் தள்ளினார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்துச் செத்த நேரம் கழித்து அவளாகவே பேச ஆரம்பித்தாள். எதைப் பற்றி என்றால், ஒரு கோழியைப் பற்றி. அவள் அம்மா வீட்டிலிருந்து கொண்டுபோன கோழி, அது எங்கே அடைகாத்தது, எத்தனை முட்டையை மாமியார் எடுத்துவிட்டாள், கோழியை ஒருநாள் கேட்காமல் அறுத்தது. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மரகதம் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மறுபடி எடுத்தேன். கோழியை அறுத்த அன்றைக்கு அவள் சாப்பிடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். அதற்குத்தான் புருஷன் அம்மிக்குழவியால் அடித்திருக்கிறான்.

மத்தியானம் முழுக்க அவள் பேசியதை நான் இரண்டு பக்கத்தில் அடக்கினேன். கோழிக்கு அதில் அரை வரி கொடுத்தேன். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த இரண்டு பக்கத்தை எப்படியெல்லாமோ இழுத்துப் பார்த்தார், ஒரு நூல்கூடப் பிரியவில்லை. அவனுக்குத் தண்டனை கிடைத்தது. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு. ஆனால் அன்றைக்குப் படித்துக் காட்டியபோது அந்தப் பெண் சொன்னது இதுதான்: "எல்லாம் சரிம்மா. ஆனா நான் பேசுன மாதிரி இல்லையே."

"கோர்ட்டுக்கு இதுதான் வேணும் தாயி" என்றார் மரகதம் அம்மா. அதுவும் உண்மைதான்.

ரிட்டயர் ஆனேன். மாலை போட்டார்கள், ஜீப்பில் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மகன் கோயம்புத்தூருக்கு வந்து இருக்கச் சொன்னான். போய் இருந்து பார்த்தேன். பால்காரரை நிறுத்தி வைத்து இரண்டு நாள் ஏன் வரவில்லை என்று விசாரித்த விதத்தில் அவர் மறுநாளும் வரவில்லை. மருமகள் நல்ல பெண், ஒன்றும் சொல்லவில்லை. நானே கிளம்பி வந்துவிட்டேன். பட்டப்படிப்பு தபாலில் எப்போதோ முடித்திருந்தேன். வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்து படித்ததே இல்லையே என்ற ஆசை ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. விண்ணப்பித்தேன், இடம் கிடைத்தது.

முதல் நாள் பேராசிரியர் முத்துக்குமார் உள்ளே வந்ததும் வகுப்பில் எல்லோரும் சாவகாசமாக எழுந்தார்கள். நான் மட்டும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்துவிட்டேன். கை தானாகப் போய்விட்டது. அவர் என் மகனைவிட இளையவர். பயந்துபோய்ப் பதிலுக்கு அவரும் நெற்றியில் கையை வைத்தார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதோடு சங்கடம் தீர்ந்தது.

அந்த இடத்தில் எனக்கு மேலே எல்லோரும் இருந்தார்கள், கீழே ஒருவரும் இல்லை. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அதிகாரத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். யார் எங்கே போனார்கள் என்று நான் கவலைப்பட வேண்டாம். போன் அடித்தால் நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டாம். ஒரு பக்கத்தை மூன்று முறை படித்தால்தான் எனக்குப் புரிந்தது. புரிந்த அன்றைக்கு கேன்டீனில் இன்னொரு வடை வாங்கித் தின்றேன். என் பெஞ்சில் உட்கார்ந்தவள் நிவேதா, ஆயக்குடிக்காரி. அப்பாவுக்குக் கொய்யாத் தோப்பு. "ஆன்ட்டி, நோட்ஸ் குடுங்க, உங்க கையெழுத்துதானுங்க அச்சடிச்ச மாதிரி இருக்குது" என்று பிடுங்கிக்கொள்வாள். நான் சந்தோஷமாக இருந்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னால், சர்வீஸில் எந்த வருடமும் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

போன பருவத்தில் களப்பணி ஒரு தாள். பூப்பறிக்கும் பெண்களின் ஓய்வு நேரம் என்று தலைப்பு எடுத்துக்கொண்டேன். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டங்கள் நிறைய. ஒரு கிராமத்தைப் பிடித்து, பன்னிரண்டு பெண்களைக் கண்டு பேசி, மற்ற மாணவர்களுக்கு வெகுமுன்னால் அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுதுவது நம் தொழில், இதில் நம்மை யார் அசைக்க முடியும் என்ற நினைப்பு.

முத்துக்குமார் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அறிக்கையில் ஒரு பக்கத்தை வாசித்தார். "'நான் மேற்படி கிராமத்தில் குடியிருந்து பூப்பறிக்கும் கூலி வேலை செய்து வருகிறேன். எனக்கு ஓய்வு நேரம் என்று தனியாக எதுவும் கிடையாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.' அம்மா, பேச்சியம்மான்னு ஒருத்தங்க பூப்பறிச்சுக்கிட்டே இப்படிப் பேசுனாங்களா?"

"அவங்க சொன்னதோட சாராம்சம் அதான் சார்."

"பன்னண்டு பேருன்னு போட்டிருக்கீங்க. எனக்கு ஒரே குரல்தான் கேக்குது. அதுவும் உங்க குரல் இல்லம்மா, ஸ்டேஷன் குரல்." பிறகு பக்கத்தின் அடியைப் பார்த்தார். "இது என்ன, கையெழுத்தா? ஒவ்வொரு பக்கத்துலயுமா? கீழ ரெண்டு பேரு சாட்சியா?"

சாட்சி இல்லாமல் எப்படி சார் என்று கேட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுபடி போய்ப் பேசி, புதிதாக எழுதிக்கொண்டுவர வேண்டும், பருவம் முடிவதற்குள் வராவிட்டால் அந்தத் தாள் போய்விடும், படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போகும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். கோபம் கோபமாக வந்தது. கணக்குத் தெரியாது என்றால், இங்கிலீஷ் வராது என்றால் ஒத்துக்கொள்வேன். எது எனக்கு நன்றாக வருமோ அதையே தப்பு என்கிறாரே என்று இருந்தது.

இருந்தாலும் மேலதிகாரி சொன்னால் செய்து பழகிய உடம்பு. மறுநாள் பஸ் ஏறிப் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் அவள் வீட்டில் இருந்தாள். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னிக்குப் பூவுக்குப் போகலையா?"

"மொதலாளி வர வேண்டாம்னுட்டாரும்மா."

அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. நான் சேலையில் வந்தாலும் போலீஸ் என்று முதல் நாளே தெரிந்துவிட்டிருக்கிறது. பெயர், வயது, புருஷன் பெயர், விலாசம் என்று ஆரம்பித்து, எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, பக்கத்து வீட்டுக்காரர்களைச் சாட்சிக்கும் கூப்பிட்டால் வேறு என்னவென்று நினைப்பார்கள்? தோட்டத்து முதலாளி பெருமாள் மீது ஏதோ கேஸ் போடப் போகிறார்கள் என்று ஊருக்குள் பேச்சு. முதலில் நான் உட்கார்ந்து எழுதியது பேச்சி வீட்டில் என்பதால், புகார் கொடுத்தவள் அவள்தான் என்று முடிவு கட்டிவிட்டார் அவர். கூட வேலை பார்க்கிற பெண்களும் அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தார்கள். நான் மார்க் வாங்கப் போன இடத்தில் ஒருத்தியின் பிழைப்பு போயிருந்தது.

"இரு, நான் போய் அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்றேன்" என்று எழுந்தேன். சொன்னால் போதும் என்பது எனக்குத் தெரியும். என் குரலை ஒரு படி இறக்கினால் போதும், அந்த ஆள் அன்றைக்கே அவளை வேலைக்கு எடுத்துக்கொள்வார்.

பேச்சி என் கையைப் பிடித்தாள். "போயிராதீக. போலீசு சொல்லித்தேன் வேல குடுத்தான்னு ஆச்சுன்னா, ஆயுசுக்கும் அந்தத் தோட்டத்துல என்னை நிம்மதியா விடமாட்டாக. நீங்க இன்னிக்கு வருவீக, போயிருவீக. நான்ல அங்க கெடக்கணும்."

மறுபடி உட்கார்ந்துவிட்டேன். கையெழுத்து வாங்கிய காகிதங்களை அன்றைக்கே வீடு வீடாகப் போய் அவரவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் பெருமாளின் பயம் காகிதத்தில் இல்லையே, என்னிடம் அல்லவா இருக்கிறது.

நிவேதாவிடம்தான் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். "நான் வர்றேனுங்க ஆன்ட்டி. ஆனா நீங்க வாயே தொறக்கக் கூடாது. அப்புறம் அந்தக் கையை இடுப்புல வெச்சுட்டு நிக்காதீங்க, பார்க்கவே பயமா இருக்குது."

பெருமாளுடைய தோட்டத்துக்குப் போனோம். அவர் என்னைப் பார்த்ததும் ஓடிப்போய் நாற்காலி எடுத்துவந்தார். நான் வேண்டாம் என்று வரப்பில் உட்கார்ந்தேன். நாங்கள் மாணவர்கள், தோட்டக்காரர்களிடமும் பேச வேண்டும் என்று நிவேதா அடையாள அட்டையைக் காட்டினாள். "ஏனுங்க, வேலையெல்லாம் முடிஞ்சா என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டாள். அவர் ஒவ்வொரு பதிலையும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். மகன் படிக்கிறான், சம்பளம் சரியாகக் கொடுக்கிறேன், சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைப்பதில்லை. யாரும் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"செடி வச்சு எத்தனை வருஷம் ஆச்சு? நிலம் யாரு பேருல இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆன்ட்டி" என்றாள் நிவேதா. "சொல்லிக் கூட்டிட்டு வந்தேனல்லங்க? உங்களுக்குக் கேள்வியே கேக்கத் தெரியலீங்க. பேசாம இருங்க, இதுக்குத்தான் சார் உங்க பேப்பரைத் திருப்பிக் குடுத்தாரு."

நான் வாயை மூடிக்கொண்டேன். பெருமாள் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏத்தா, அந்தம்மா யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க. எங்க கிளாஸ்ல என் பெஞ்சு. இந்தப் பேப்பர் போச்சுன்னா எங்ககூடப் பாஸ் பண்ண மாட்டாங்க."

"பேப்பரைத் திருப்பிக் குடுத்துட்டாரா? இந்தம்மாவுக்கா?"

"சரியா எழுதலைன்னு குடுத்துட்டாருங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்ப கேசு கீசு ஒண்ணும் இல்லையா?" என்று என்னிடமே கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். "கையெழுத்தும் சாட்சியும்னு சொன்னாக. கொத்தடிமைக் கேசு போட்டு உள்ள தள்ளப் போறாகன்னு நான் சோறு தண்ணி இல்லாமக் கெடக்கேன்." பிறகு நிவேதாவின் அப்பா தோப்பு, கொய்யாவுக்கு என்ன மருந்து அடிக்கிறார்கள், ஆள் கிடைக்கிறதா என்று இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் வரப்பில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பேச்சியின் பெயரை எடுக்க வேண்டும் என்று நாக்கு துடித்தது, எடுக்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது அவரே, பூப்பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, "பேச்சிகிட்டச் சொல்லு, நாளைக்கு வரட்டும். நான்தேன் அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

ஒரு சின்னப் பெண் நாலு பேர் முன்னால் என்னை அதட்டினாள், அதனால் காரியம் நடந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது.

இரண்டு நாள் கழித்து விடிந்ததும் தோட்டத்துக்குப் போனேன். நானும் ஒரு பையை இடுப்பில் கட்டிக்கொண்டு பேச்சிக்குப் பக்கத்து வரிசையில் மொட்டுப் பறித்தேன். அவள் இரண்டு செடி தாண்டுவதற்குள் நான் ஒரு செடியைச் சீரழித்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

"ஓய்வுன்னு கேட்டீகள்லக்கா. அன்னிக்கு எனக்குச் சொல்லத் தெரியல. வேலயில்லாமக் கெடந்தேன்ல, அப்ப மத்தியானம் படுத்தேன். தூக்கம் வரல. ஓட்டுக்கு நடுவுல ஒரு கண்ணாடி பதிச்சிருக்கு. அது வழியா வெயிலு வந்து பானை மேல விழுது. பெறகு மெல்ல நகந்து சுவத்துக்குப் போகுது. அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து இம்புட்டு வருசமாச்சு, மத்தியானம் என் வீட்டுல வெயிலு எங்க விழுகும்னே எனக்குத் தெரியாதுக்கா. பாத்துக்கிட்டே கெடந்தேன். வேல போச்சேன்னு அழுகையும் வருது, பாக்க நல்லாவும் இருக்கு. ரெண்டும் சேந்துதேன் வந்துச்சு."

என் வீட்டில் மத்தியான வெயில் எங்கே விழும் என்று எனக்கும் ரிட்டயர் ஆகும்வரை தெரியாது. வீட்டுக்கு வந்ததும், 'தான்' என்பதற்கு அவள் சொல்லும் 'தேன்' உட்பட ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் அவள் பேசியபடியே எழுதினேன். மற்ற பெண்களும் அதற்குப் பிறகு பேசினார்கள். ஒருத்தி சண்டைக்காரி, ஒருத்தி பாட்டுக்காரி, ஒருத்திக்குத் தூங்குவதைத் தவிர உலகத்தில் வேறு ஆசை கிடையாது. பன்னிரண்டு பேர் பேச்சும் பன்னிரண்டாக வந்தது. முத்துக்குமார் சார் படித்துவிட்டு, "இனி இதுல கை வைக்காதீங்கம்மா" என்றார். முதல் வகுப்பு மார்க் போட்டார். நிவேதாவுக்கு என்னைவிடக் குறைவு, ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கலைவாணி பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். புகார் எழுதுங்கள், நான் எழுதியபடியே எழுதுங்கள். கோர்ட்டுக்கு அது வேண்டும், அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு 'விஷயத்துக்கு வாம்மா' என்று அவசரப்படுத்தாதீர்கள். அவள் விஷயத்தில்தான் இருப்பாள், நமக்குத்தான் தெரியாது.

அறிக்கை கொடுத்து முடித்த பிறகு, சொல்லிக்கொண்டு வரலாம் என்று பேச்சி வீட்டுக்குப் போனேன். பேப்பர் முடிந்துவிட்டது, இனி வந்து தொந்தரவு செய்யமாட்டேன் என்றேன்.

"பேப்பரு முடிஞ்சா வரக்கூடாதாக்கா?" என்றாள். "செவ்வாக்கெழம வாங்க. அன்னிக்குப் பூ கொஞ்சந்தேன் இருக்கும். வெஞ்சனம் ஏதாச்சும் வைக்கிறேன், சாப்ட்டுட்டுச் செத்த நேரம் பேசிக்கிட்டு இருக்கலாம்."

மேசை வேலைதான் என்றாலும், வாக்குமூலம் எழுதக் காக்கி உடுப்போடு நான் ஏறி இறங்காத வாசல் இந்தப் பக்கத்தில் குறைவு. எல்லா வீட்டிலும் நாற்காலி போட்டார்கள், சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள், எப்போது கிளம்புவேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுபடி வாங்க என்று ஒரு வீட்டிலும் ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்ததும் நிலக்கோட்டை பஸ் ஏறினேன்.